தலைமாட்டில் ஓர் இடம்

1999 ஜூன் 14, திங்கட்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த தூறல் விட்டிருந்தது. பனிமூட்டம் மட்டும் விலகவில்லை. எதிர்வீட்டு விளக்கு ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. குளித்துக் காப்பி குடித்துவிட்டு எஸ்டேட் ஆபீசுக்கு நடந்து போய், மழைமானியில் சேர்ந்திருந்த தண்ணீரை அளந்து பலகையில் எழுதினேன். அன்று எனக்கு விடுப்பு. ஆனாலும் கணக்கெழுதும் ரைட்டர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, நான் ஊரில் இருக்கும்போது அந்த அளவை வேறொருவர் எடுத்ததில்லை.

களை வெட்டப் போகிற பெண்கள் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, லீவுன்னு சொல்லிப்போட்டு வந்து நிக்கறீங்க? ஊட்டுல அக்கா முடுக்கி உட்டுட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"சேலம் போறனுங்க. போற வழியில எட்டிப் பாத்தேன்."

"போற வழியா? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கமல்ல இருக்குது" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மனைவி எலுமிச்சைச் சோறு கட்டி வைத்திருந்தாள். அதைப் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு பழுப்பு உறையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தேன். உறைக்குள் அப்பாவின் அடக்கத்தன்று எடுத்த போட்டோவும், என் அண்ணனுடைய போட்டோ இரண்டும் இருந்தன. எட்டு மணி பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது.

அப்பா அந்த மே மாதம் இறந்துபோனார். எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில், பெட்டியைக் கோயிலுக்குத் தூக்குவதற்கு முன் வாசலில் வைத்து, குடும்பத்தார் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். மூத்த மகன் தலைமாட்டில் நிற்பான். அடுத்தடுத்த பிள்ளைகள் வயது வரிசையில் நிற்பார்கள். ஏற்காட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தவருக்கு இந்த வரிசை அத்துபடி. துக்க வீட்டில் யாரையும் கேட்க மாட்டார். தோளைத் தொட்டுத் தொட்டு நிறுத்திவிடுவார்.

அண்ணன் அப்போது மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். பாஸ்போர்ட் கம்பெனியின் கையில் இருந்தது. அவரை விடுவதற்குக் கம்பெனி நாலு நாள் கேட்டது. உடலை அத்தனை நாள் வைத்திருக்க எங்களால் முடியவில்லை. வர முடியாது என்று தெரிந்த பிறகு அவர் லீவையே எழுதிக் கொடுக்கவில்லை.

போட்டோக்காரர் என்னைத் தலைமாட்டுக்குத் தள்ளினார். அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அது பெரியவன் எடம். யாரும் நிக்க வேண்டாம்" என்றார். நான் என் இடத்துக்கே நகர்ந்துகொண்டேன். போட்டோவில் அப்பாவின் தலைமாட்டில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதன் வழியாக எங்கள் வீட்டுச் சன்னலும், கீழே அடுக்கிய விறகும் யாரோ வேண்டுமென்றே படம் பிடித்தது போலத் தெளிவாகத் தெரிந்தன.

அந்த வாரம் புதன்கிழமை நாற்பதாம் நாள் பூசை. பூசைக்கு வருகிறவர்களுக்கு நினைவுத்தாள் கொடுக்க வேண்டும். மேலே அப்பாவின் படம், நடுவில் செபம், கீழே அடக்கப் போட்டோ, அதன் அடியில் நிற்பவர்களின் பெயர்கள். அதே நாள் மாலையில் மஸ்கட்டில் அண்ணனும் தன்னுடன் தங்கியிருந்தவர்களைக் கூட்டிச் செபம் வைக்க நினைத்தார். அவர்களுக்கும் அதே தாளைக் கொடுக்க ஆசைப்பட்டார். அடக்கப் போட்டோவின் பிரதி ஒன்றை முன்பே தபாலில் அனுப்பியிருந்தோம். ஆனால் தாள் தயாராகித் தபாலில் போனால் புதன்கிழமைக்குள் சேராது. அண்ணனின் ஆபீசில் ஒருவருக்கு ஈமெயில் இருந்தது. சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து அனுப்பலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னவள், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் தங்கை.

இப்போது என் மகள் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து, அதைத் தாளாக்கி, நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுகிறாள். அன்று அந்த ஒரு தாளுக்காக நான் நான்கு முறை மலையிறங்கினேன். இறங்கியது வீண் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. வளைவுக்கு வளைவு ஓட்டுநர் அடிக்கும் ஹாரன், பிரேக் சூட்டின் வாசனை, அடிவாரம் வந்ததும் காதடைப்பு விட்டு ஊர்ச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்பது, எல்லாம் அந்தத் தாளோடு சேர்ந்தே நினைவில் இருக்கின்றன.

முதல் முறை போட்டோவை மட்டும் அனுப்பினோம். அங்கே அது திறக்கவே இல்லை. இரண்டாம் முறை சென்டரில் இருந்த பெண் செபத்தையும் பெயர்களையும் தமிழில் அடித்து, போட்டோவை இடையில் சேர்த்து, ஒரே டாக்குமெண்ட்டாக அனுப்பினாள். போட்டோ திறந்துவிட்டது. எழுத்துதான் போய்ச் சேரவில்லை.

"அப்பா பேரு இருக்கற எடத்துல சதுரமும் கேள்விக்குறியுமா வந்திருக்குதுடா. செவத்துல எறும்பு போன மாதிரி" என்றார் அண்ணன் போனில். இங்கே இருந்த தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தப் பெண்ணே அதற்கு வழி சொன்னாள். தாளை முதலில் இங்கேயே பிரிண்ட் எடுத்துவிட வேண்டும். பிறகு முழுத் தாளையும் போட்டோவைப் போல ஸ்கேன் செய்ய வேண்டும். "அப்புறம் எழுத்தும் படந்தான் சார். படத்துக்கு பாஷை தெரிய வேண்டியதில்ல."

ஆக, மூன்றாம் முறை போவது அதற்காகத்தான். ஆனால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்துக் கடைவீதி எஸ்டிடி பூத்துக்குத்தான் அவர் போன் வரும்.

"டேய் தம்பி, ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலி எடத்துல என்னைய வெச்சுரச் சொல்லு. கம்ப்யூட்டர்ல அதெல்லாம் பண்றாங்களாமே."

"ஏனுங்கண்ணா, நீங்க வரலைன்னு ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குக் குடுக்கறதுல வேண்டாம். எனக்கு அனுப்பறதுல மட்டும் வையி. தபால்ல வந்த போட்டோவ இங்க ஒருத்தன் வாங்கிப் பாத்தான். மொதல்ல அந்தச் சந்தப் பாத்தான், அப்புறம் என் மூஞ்சியப் பாத்தான். ஒண்ணுங் கேக்கல." பிறகு சொன்னார்: "அப்பாவத் தூக்கறப்ப நான் இருந்தேன்னு ஒரு பேப்பராவது சொல்லட்டும்டா."

நான் "பாக்கறனுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். மஸ்டரில், எஸ்டேட் வருகைப் பதிவேட்டில், வேலைக்கு வராத ஆளுக்கு வந்ததாகப் பேர் போடுவதில்லை என்பது என் தொழில். ஆனால் கேட்டது என் அண்ணன். அவர் சொல்லி நான் எதையும் தட்டியது கிடையாது. அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சென்டர் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே திரைச்சீலை போட்டு, கோயிலை விடக் குளிராக வைத்திருந்தார்கள். இரவு வேலை முடித்த தங்கை எனக்கு முன்பே வந்து, நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"போட்டோவுல ஒரு ஆளச் சேக்கணுமுங்க" என்று விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் எதுவும் விசாரிக்கவில்லை. "குடுங்க சார், வெட்டி ஒட்டிரலாம்" என்று கையை நீட்டினாள்.

முதலில், அண்ணன் கடைசி லீவில் வந்தபோது ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த முழு உருவப் போட்டோ. ஸ்கேனரின் வெளிச்சம் அதன்மேல் ஒரு முறை மெல்ல ஊர்ந்து போனது. திரையில் அண்ணன் வந்தார். அந்தப் பெண் அவரைச் சுற்றிப் புள்ளிகளாக ஒரு கோடு இழுத்தாள். கல்யாணப் பந்தலும் பக்கத்து ஆட்களும் மறைந்து அவர் மட்டும் மிஞ்சினார். அவரை அப்படியே நகர்த்திக் கொண்டுபோய் அப்பாவின் தலைமாட்டில் நிறுத்தினாள்.

கட்டம் போட்ட சட்டை. சட்டைப்பையில் ரோஜாப்பூ. வாய் நிறையச் சிரிப்பு. பார்வை பெட்டிமேல் இல்லை, வலதுபுறம் எங்கோ இருந்தது.

கண் விழித்த தங்கை எட்டிப் பார்த்தாள். "பந்தியப் பாத்துச் சிரிக்கறாரு பெரியண்ணன். இலை போட்டுட்டாங்கன்னு யாரோ கூப்பிட்டிருப்பாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது, பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்தப் பெண் அவரைச் சட்டென்று அழித்தாள். "வேற இருக்குதுங்களா?"

இன்னொன்று பாஸ்போர்ட் அளவுப் போட்டோ. சிரிப்பில்லாத முகம். ஆனால் கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் இருந்தது.

"ஒடம்பு வேணுமே" என்றவள், திரையில் நின்றிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இது நீங்கதான சார்? உங்க ஒடம்ப எடுத்துக்கறேன்."

கழுத்து வரைக்கும் நான், அதற்கு மேல் அண்ணன். அப்படி ஒருவர் தலைமாட்டில் வந்து நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன்.

"சின்னண்ணா, அந்த ஒடம்புக்கு இப்பத்தான் மூஞ்சி பொருத்தமா இருக்குது" என்றாள் தங்கை.

"நீ தூங்கு" என்றேன்.

பெரிதாகப் பார்த்தால் கழுத்தில் ஒட்டு தெரிந்தது. அந்தப் பெண் அதைத் தேய்த்துத் தேய்த்து மழுக்கினாள். தாளில் வருகிற அளவுக்குச் சின்னதாக்கிக் காட்டினாள். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. மூத்த மகன் தலைமாட்டில் தலை நிமிர்ந்து நின்றார். விவரம் தெரியாதவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுவரை இது நடக்காது என்ற தைரியத்தில் இருந்தேன். நடந்துவிட்டது. இனி மறுக்க வேண்டுமென்றால் நானாகத்தான் மறுக்க வேண்டும்.

"அனுப்பிரலாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"அனுப்புங்க" என்றாள் தங்கை. "யாருக்கு என்ன நட்டம்? தனியா அங்க கெடந்து அழுவுறவரு. கேட்டதக் குடுத்துட்டுப் போலாம்."

"நிக்காத ஆள நின்னாருன்னு எப்படி பாப்பா போடறது?"

"உங்களுக்கு எல்லாம் மஸ்டர்தான். அப்பா இருந்தா, ஜீப்புல இன்னொருத்தர ஏத்திக்கன்னுதான் சொல்லியிருப்பாரு."

அப்பா அப்படிப்பட்டவர்தான். கடைசியில் நான் இரண்டு விதமாகவும் தாளைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னேன். இடைவெளியோடு ஒன்று, அண்ணனோடு ஒன்று. அம்மாவிடம் காட்டிவிட்டு மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னேன். "ஒன்பது மணிக்குத் தொறந்துருவேன் சார். நாளைக்கு அனுப்பிட்டா அவங்களுக்குக் கெடச்சுரும்" என்றாள் அந்தப் பெண்.

மலையேறும் பஸ்ஸில் தாள்கள் மடங்காமல் இருக்க மடியில் பையை நிமிர்த்தி வைத்தபடி வந்தேன். பாதி மலைக்கு மேல் பனி இறங்கி, கண்டக்டர் விளக்கைப் போட்டார். வீட்டுக்கு வந்து சேரும்போது ஆறு மணி இருக்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கின் கீழே நின்று, முதலில் அண்ணன் இருக்கும் தாளைப் பார்த்தார்.

"இதாரு?"

"அண்ணன்தாம்மா."

"அவன் எப்ப வந்தான்?"

அம்மா தாளைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"உஞ்சட்டையப் போட்டுட்டு நிக்கறானே சாமி. இந்தச் சட்டைக்கு அன்னிக்குக் காலையில நாந்தான பித்தான் தெச்சேன். வெள்ள நூல் இல்லாம நீல நூல்ல தெச்சது. அவன் நெஞ்சுலயும் நீல நூலு இருக்குது."

திரையில் அரைமணி நேரம் பார்த்த எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் அது தெரியவில்லை. "அண்ணன் ஆசைப்பட்டாரும்மா" என்று தொடங்கி, போனில் அவர் பேசியதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. இரண்டு தாளையும் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தார். "செபம் சொல்லிட்டுப் பேசலாம், கூப்புடு எல்லாத்தையும்" என்றார்.

ஏழு மணிக்குச் செபமாலை சொல்வது எங்கள் வீட்டில் மழை வெயில் பார்க்காமல் நடக்கும். முடிவில் அம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மன்றாடுவார். நாங்கள் ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்வோம். முன்பு அப்பா பெயரில் தொடங்கும். அந்த ஒரு மாதமாக அப்பாவின் பெயர் அங்கிருந்து எடுபட்டு, கடைசியில் மரித்த ஆத்துமாக்களோடு போய்விட்டது. அதனால் இப்போது அண்ணன் பெயரில் தொடங்கினார். பிறகு என் பெயர், தங்கை பெயர், மருமக்கள், பேரப்பிள்ளைகள். அன்றும் அப்படித்தான் சொன்னார். நாங்களும் அப்படித்தான் பதில் சொன்னோம்.

எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அம்மா இடைவெளி இருக்கும் தாளை எடுத்தார். போட்டோவின் அடியில் இருந்த வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதுல அவன் பேரக் காணோமே."

"இடமிருந்து வலமா நிற்பவர்கள்னு போட்டிருக்குதும்மா. அவரு நிக்கலீங்களே. நின்னவங்க பேரு மட்டும்தான்..."

"இப்ப பேரச் சொன்னமே, அவன் என்ன இங்க முட்டி போட்டுட்டா இருந்தான்?"

"அது செபமும்மா."

"இதும் செபத்தாளுதான?" என்றார் அம்மா. "இத்தன வருசமா அவன் இங்க இல்ல. ஒரு நாளாவது அவன் பேரத் தாண்டி உம்பேருக்கு வந்திருக்கறனா? அவன் மூஞ்சிய ஒட்டுனா அவன் எனக்கு வந்துருவானா? அவஞ் சங்கடம் காலி எடம் இல்ல கண்ணு. காலி எடத்துக்குக் கீழ யாரு பேரும் இல்லாததுதான்."

நான் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"நிக்கறவங்கன்னு போடாத. மக்கள்னு போடு. தலைமாட்டுலயிருந்து ஆரம்பிச்சு மொதல்ல அவன் பேரு, அப்புறம் உம்பேரு. படம் இருக்கறபடி இருக்கட்டும். ஊருக்குக் குடுக்கறதும் அவனுக்கு அனுப்பறதும் ஒண்ணா இருக்கட்டும். ஒரு அப்பனுக்கு ரெண்டு தாளு எதுக்கு?"

பென்சில் எடுத்து, 'நிற்பவர்கள்' என்பதை அடித்து 'மக்கள்' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில், இடைவெளிக்கு நேர் கீழே, அண்ணன் பெயரை எழுதினேன். எழுதி முடித்ததும் அதில் பொய் ஏதும் இருக்கிறதா என்று என் வழக்கப்படி ஒருமுறை சரிபார்த்தேன். ஒன்றும் இல்லை. அண்ணன் நிற்கும் தாளை அம்மா நாலாக மடித்துத் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். "அவன் வந்தாக் காட்டலாம். சட்டையக் குடுத்துருன்னு கேப்பம்" என்றார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாகக் கடைவீதி பூத்துக்குப் போனேன். ஆறு மணிக்கே அதைத் திறந்துவிடுவார்கள். மஸ்கட்டில் அப்போது இன்னும் விடியாது. ஆனால் அண்ணனுக்கு அதிகாலை ஷிப்ட், கிளம்புகிற நேரம். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரைச் சுழற்றினேன். அண்ணனே எடுத்தார்.

"வெச்சாச்சா?" என்றார்.

"இல்லீங்கண்ணா." அவர் எதுவும் சொல்வதற்குள் முழுவதையும் சொன்னேன். கல்யாணப் போட்டோவைச் சொன்னேன். சட்டையைச் சொன்னேன், நீல நூலைச் சொன்னேன். செபத்துக்குப் பிறகு அம்மா பேசியதை அம்மாவின் வார்த்தையிலேயே சொன்னேன்.

லைன் போய்விட்டதா என்று பூத்து மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"மொதல்ல எம் பேரா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா. மொதல்ல உங்க பேரு. அப்புறம் நானு, அப்புறம் பாப்பா."

"இன்னும் டெய்லி சொல்றாங்களா, செபத்துல?"

"ஒரு நாள் உட்டதில்லீங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வண்டி வந்துவிட்டது போல. "வர்றேன், வர்றேன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்:

"நாளைக்குச் செபத்துக்கு இருவது பேரு வருவாங்க. இருவத்தஞ்சு காப்பி எடுத்தாப் பத்துமாடா?"

"பத்துமுங்கண்ணா" என்றேன்.

போனை வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலம் பஸ்ஸுக்கு நடந்தேன்.